ஒரு கைக்கான மூடி

பாயில் உட்கார்ந்திருந்த குழந்தைகளில் நீலச் சட்டைக்காரிதான் முதலில் திறந்தாள். மூடியின் நாக்கில் கட்டைவிரலை வைத்து ஒரு அழுத்து. டப்பென்று மூடி எழுந்து நின்றது. கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றிருந்த, அந்த மூடியை வரைந்தவளுக்கு, எதற்காக நிற்கிறோம் என்பதே ஒரு நொடி மறந்துபோய், பெருமையாக இருந்தது. எவ்வளவு லேசாகத் திறக்கிறது! அப்புறம்தான் உறைத்தது. அந்தப் பிள்ளையின் கையில் இருப்பது மாத்திரைப் புட்டி. சோதனைக்காகக் காலியாகக் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அதற்குள் அறையெங்கும் டப், டப் என்று சத்தம் பிடித்துக்கொண்டது.

மேனேஜர் நல்ல மனிதர், கோபப்படவில்லை. பெரியவர்கள் திறக்க வேண்டும், பிள்ளைகள் திறக்கக் கூடாது, நீங்கள் பாதியைத்தானே செய்திருக்கிறீர்கள் என்றார். பிறகு, சூழ்நிலையைக் கொஞ்சம் இளக்குவோம் என்று நினைத்தாரோ என்னவோ, சிரித்துக்கொண்டே கேட்டார்.

"ஏம்மா, வீட்டுல புள்ளைங்க கையில ஒண்ணு குடுத்துப் பாத்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்குமே?"

அவர் இந்த ஆபீசுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. அவருக்குத் தெரியாது.

"தோணல சார்" என்றாள்.

உண்மையும் அதுதான். அவர்கள் வீட்டில் அலமாரியின் கீழ்த்தட்டில் கண்ணாடிச் சாமான் இருக்கும். கத்தி மேசை விளிம்பிலேயே கிடக்கும். எதையும் எட்டாத உயரத்தில் வைக்க வேண்டிய அவசியம் இத்தனை வருஷத்தில் வந்ததில்லை. பிள்ளை வேண்டி ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்து ஓய்ந்த பிறகு, அதைப் பற்றிப் பேசுவதையும் அவளும் கணவனும் சொல்லிக்கொள்ளாமலே விட்டுவிட்டார்கள். உலகத்தில் குழந்தைகள் இருக்கிறார்கள் என்பதை ஒரு மூடி செய்கிறவள் மறந்துபோக முடியுமா? அவள் மறந்துதான் போயிருந்தாள்.

இந்த மூடியே அவனுக்காகத்தான் பிறந்தது. அவள் கணவன் முடிதிருத்துகிறவன். கத்திரி என்ற பட்டப்பெயரைச் சொன்னால்தான் அக்கம்பக்கத்தில் அவனைத் தெரியும். பக்கவாதம் வந்து வலது கை அடங்கிவிட்டது. இடது கையும் முழுசாக வசத்தில் இல்லை, சீக்கிரம் சோர்ந்துபோகும். மாத்திரைப் புட்டியைத் திறக்க, அவள் வேலை முடிந்து வரும்வரை அவன் காத்திருப்பான். அதைக் கண்டுதான் அவள் ஒரு விரலால் திறக்கிற மூடியை வரைய ஆரம்பித்தாள். மாதிரி மூடிகளை வீட்டுக்குக் கொண்டுவருவாள். சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் அவன் பரீட்சை அதிகாரி போல உட்கார்ந்துகொண்டு ஒவ்வொன்றாக அழுத்திப் பார்ப்பான். நாக்கு சறுக்குகிறது, விளிம்பு குத்துகிறது, இதற்கு இன்னும் கொஞ்சம் வளைவு வேண்டும். தலைமுடியின் போக்கு பார்த்துப் பழகிய விரலுக்கு மயிரிழை வித்தியாசமும் தெரிந்தது. "இது மூடியா, உங்கம்மா மனசா? எவ்வளவு அழுத்தினாலும் இளகுதில்ல" என்பான். நோய் வந்த பிறகு அவன் சிரித்தது அந்த மேசையில்தான். கைப்பயிற்சிக்குப் போகிற இடத்தில் தன்னைப் போலக் கை விழுந்தவர்களிடமெல்லாம், என் கை அளவுக்குத்தான் கம்பெனியே மூடி போடுகிறது, கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லி வைத்திருந்தான்.

சோதனையில் தோற்றதை அவள் அவனிடம் சொல்லவில்லை. ஏதாவது வழி கிடைத்துவிடும், அதன் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள். எப்படிப் போட்டுப் பார்த்தாலும் கணக்கு ஒரே இடத்தில் வந்து இடித்தது: ஒரு தளர்ந்த கையால் முடிகிற எதையும், இரண்டு கை உள்ள பிள்ளை செய்துவிடும்.

யோசனைக்கு நல்ல வேளை கெட்ட வேளை தெரிவதில்லை. ஒரு மத்தியானம், காப்பி ஆறுவதற்குள், வந்துவிட்டது. நாக்கை எடுத்துவிட்டு, பக்கத்துக்கு ஒன்றாக, பிள்ளைக் கைக்கு எட்டாத அகலத்தில் இரண்டு பள்ளம். இரண்டையும் சேர்த்து அமுக்கிக்கொண்டே திருப்ப வேண்டும். புட்டியை இன்னொரு கை இறுகப் பிடித்திருக்க வேண்டும். வரைந்துகொண்டிருக்கும்போதே, இது அவனால் முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் பென்சில் நிற்கவில்லை. அழகாக வந்துகொண்டிருந்தது, அதுதான் கொடுமை. அடுத்த சோதனையில் ஒரு பிள்ளைகூடத் திறக்கவில்லை. ஆபீசே கைதட்டியது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து, பையை மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். எப்படி ஆரம்பிப்பது என்று தண்ணீரோடு பேசிப் பார்த்தாள். திரும்பி வந்தபோது அவன் முதுகுதான் தெரிந்தது. பையிலிருந்த புதுப் புட்டி அவன் முன்னால் உருண்டது. இடது கையால் பிடித்தான், அமுக்கினான், வழுக்கியது. நெஞ்சோடு சாய்த்துக்கொண்டு அமுக்கினான். காலடி கேட்டதும் சட்டென்று புட்டியைப் பைக்குள் தள்ளினான்.

"நல்லா வந்திருக்கு" என்றான், திரும்பாமலே.

அவள் எதிரில் உட்கார்ந்தாள். அவன் தன் இடது கையை மேசைக்கு அடியில் இறக்கிவிட்டிருந்தான்.

"உன்கிட்ட சொல்ல வேண்டாம்னுதான் பாத்தேன். இந்தக் கையும் போகுது போல இருக்கு. போன மாசம் டப்பு டப்புன்னு தொறந்தவன், இன்னைக்கு..."

"கை நல்லாத்தாங்க இருக்கு" என்றாள். "நான்தான் உங்களால தொறக்க முடியாத மாதிரி பண்ணிட்டேன்."

எல்லாவற்றையும் சொன்னாள். பாய், கண்ணாடிச் சுவர், நீலச் சட்டை. மேனேஜர் கேட்டதை மட்டும் விட்டுவிட்டாள். அவன் கோபப்படுவான் என்று காத்திருந்தாள். கைப்பயிற்சிக்காரர்களிடம் இனி எந்த முகத்தோடு போவேன் என்று கேட்டிருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவன் மேசைக்கு அடியிலிருந்து இடது கையை மேலே எடுத்து வைத்தான்.

"நம்ம ரெண்டு பேருக்குமே புள்ளைங்க ஞாபகம் வரல, பாத்தியா" என்றான்.

அவள் தலையாட்டினாள்.

"அந்தப் பொண்ணு... தொறந்துட்டு என்ன பண்ணா?"

"உள்ள எட்டிப் பாத்தா. ஒண்ணும் இல்ல. அப்புறம் மூடியைக் கழட்டி, கட்டைவிரல்ல தொப்பி மாதிரி மாட்டிக்கிட்டா. விரலை ஆட்டி ஆட்டி அதுகூடப் பேசிக்கிட்டு இருந்தா."

"என்ன பேசினா?"

"கண்ணாடிக்கு அந்தப் பக்கம்ங்க. கேக்கல."

அவன் இடது கையை நீட்டி, மேசை ஓரம் கிடந்த, நாக்கு மூடி போட்ட தன் பழைய புட்டியை இழுத்தான். ஒரு அழுத்து, மூடி டப்பென்று எழுந்தது. பல்லால் கடித்து அதைக் கழற்றினான். மடியில் கிடந்த வலது கையைத் தூக்கி மேசைமேல் வைத்து, அதன் கட்டைவிரலில் மூடியை மாட்டினான். தொப்பி சரியாகப் பொருந்தியது. விரல் அசையவில்லை. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவள் அந்த மணிக்கட்டை இரண்டு கைகளாலும் ஏந்தி, மெதுவாக, மிக மெதுவாக, ஆட்டினாள்.