துடைத்த மழை

நாலு மணி சேலம் பஸ் கிளம்பும்போதுதான் படம் முழுதாக இறங்கி முடிந்தது. சென்னை பிலிம் லேபிலிருந்து காலையில் புறப்பட்டது, ஏற்காட்டு இன்டர்நெட்டில் சொட்டுச் சொட்டாக வந்து சேர்ந்திருந்தது. ஆறு மணிக்குள் திரைப்பட விழாக் குழுவுக்குப் போயாக வேண்டும். தவறினால் அடுத்த வருஷம்தான்.

படத்தை எடுத்த தேவகுமாரி எல்லாருக்கும் தெரியும்படி கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்தாள். தம்பி ரொனால்ட் ஜன்னலைச் சாத்தினான். படத்தில் வருகிற அத்தாயி எஸ்டேட் வேலை முடிந்து கிளியூரிலிருந்து நேரே வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

படமே ஒரு மழைக்காகத்தான். பங்குனியில் காப்பிச் செடியைப் பூக்க வைக்கிற முதல் தூறல். அது விழுந்தால் அத்தாயியின் ஆட்கள் ஒதுங்க மாட்டார்கள். அண்ணாந்து வாயில் பிடிப்பார்கள். போன வருஷம் தேவகுமாரி அதைச் செல்போனில் எடுத்தாள். நூல் நூலான தூறலைப் போன் சாம்பல் கூழாகக் குழப்பிவிட்டது. அதனால் இந்த வருஷம் கேமராவை வாடகைக்கு வாங்கிப் பிலிமில் எடுத்தாள்.

அந்தக் காட்சி வந்தது. ஸ்பீக்கரில் தூறல் பெய்தது. படத்தில் ஒரு சொட்டு இல்லை. பளிச்சென்ற செடிகளுக்கு நடுவே பெண்கள் அண்ணாந்து வாயைப் பிளந்து நின்றார்கள். முகமெல்லாம் மெழுகு பூசினாற்போல வழவழவென்றிருந்தது.

"ஏஞ் சாமி, பல் டாக்டருக்கா காட்டிட்டு நிக்கறோம்?" என்றாள் அத்தாயி.

ரொனால்ட் சிரித்துவிட்டான். தேவகுமாரி லேபுக்குப் போன் போட்டாள்.

"நீங்கதானே மேடம், ஒரு கீறல்கூட இருக்கக் கூடாதுன்னீங்க?" என்றார் லேபிலிருந்த சிவக்குமார். "கீறல் துடைக்கிற சாஃப்ட்வேருக்கு மழையோட வெள்ளைக் கோடும் கீறல்தான். துடைச்சிடுச்சு."

சொன்னது அவள்தான்.

"துடைக்காதது இருக்கா?"

"இருக்கு. ஆனா படம் பூரா தூசி, கீறல். அந்த ஒரு இடத்தை மட்டும் மாத்தித் தரணும்னா நாளைக்கு ஆயிடும்."

"அக்கா, கம்ப்யூட்டர்லயே மழை போட்டுக்கலாம்," என்றான் ரொனால்ட். "அரை மணி நேர வேலை."

"அது எந்த ஊர் மழைடா?"

"மழைக்கு ஊரா? கீறலோட போனா முதல் நிமிஷமே தூக்கிப் போட்டுடுவாங்க."

"போடட்டும்." அவள் போனுக்குத் திரும்பினாள். "துடைக்காததையே அங்கிருந்து நேரா குழுவுக்கு அனுப்பிடுங்க. இங்க இறக்கி ஏத்த நேரமில்ல."

"கீறலோடவா, மேடம்? அப்புறம் லேபைச் சொல்லக் கூடாது."

"கீறலோட. பழி என் பேர்ல."

போனை வைத்தாள். ரொனால்ட் ஜன்னலைத் திறந்துவிட்டான். அத்தாயி மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நிறுத்தி வைத்த படத்தில் அவள் வாய் திறந்தபடியே இருந்தது.

"அப்ப அதுல நாங்க நனைஞ்சிருப்பமா, கண்ணு?"