வாயடைக்கப்பட்ட நாற்பத்தொரு இடங்கள்

1

2018 ஆகஸ்ட் 21, செவ்வாய்க்கிழமை. ஓஹாயோ மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில், வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ் ரோண்டா ஸ்டில்ட்னரின் ஓட்டுநர் உரிமத்தில், வேகமாக ஓட்டிப் பிடிபட்டதற்காகப் பத்துத் தண்டனைப் புள்ளிகள் ஏறியிருந்தன. பன்னிரண்டு ஆனால் ஆறு மாதத்துக்கு உரிமம் கிடையாது.

இந்தக் கதை எனக்கு டயர்க் கடையில் கிடைத்தது. ரோண்டாவின் அண்ணன் டெல்பர்ட் அங்கே வேலை செய்கிறான். என் காரைத் தூக்கி நிறுத்திவிட்டு, சக்கரத்தைக் கழற்றியபடியே பாதிக் கதையைச் சொன்னான். மீதியை ரோண்டா சொன்னாள், விருப்பமில்லாமல்.

வேடிக்கைக் கதையாகத்தான் தொடங்கினேன். ‘ரோண்டாவின் காரில் ஒரு பெட்டி இருந்தது. கதவுகளைக் கண்டால் அது அலறும். அவளும்’

மேலே ஓடவில்லை. ‘அவளும்’ என்ற இடத்தில் வேடிக்கை தீர்ந்துபோனது. அந்த வரியை அழிக்காமல் விட்டிருக்கிறேன். நான் எதை எழுத வந்து எதை எழுதுகிறேன் என்று உங்களுக்குத் தெரியட்டும்.

2

பெட்டி என்றால் ரேடார் டிடெக்டர். காரின் முன்கண்ணாடியில் ஒட்டிவைப்பது. வேகத்தை அளக்கும் போலீஸ் ரேடார் பக்கத்தில் இருந்தால் முன்கூட்டியே கத்தும். எங்கள் மாநிலத்தில் சொந்தக் காரில் வைத்துக்கொள்ளத் தடையில்லை. எது வாங்கலாம் என்று ரோண்டா அண்ணனிடம்தான் கேட்டாள்.

“நூத்தம்பது டாலருக்கு ஒண்ணு இருக்கு,” என்றான் டெல்பர்ட். “அதை வாங்கினா மருந்துக்கடைக் கதவு திறந்தாக்கூடக் கத்தும். ரெண்டே நாள்ல சுத்தியல எடுப்பே.”

“கதவுக்கு எதுக்குக் கத்துது?”

“தானா திறக்கிற கதவு, ஆள் வர்றானான்னு பார்க்க ரேடார்தான் விடுது. போலீஸ் விடுற அதே ஜாதி. பெட்டிக்கு வித்தியாசம் தெரியாது.”

“அப்ப எதைத்தான் வாங்குறது?”

“ஞாபகம் வச்சுக்கிற பெட்டி. ஒரு இடத்துல சும்மா கத்துதுன்னு தெரிஞ்சா இந்தப் பொத்தானை அழுத்து. அடுத்த தடவை அந்த இடத்துல அந்த சிக்னலுக்கு வாயே திறக்காது.”

“கதவு எது, போலீஸ் எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“போலீஸ்காரன் இடம் மாறிட்டே இருப்பான். கதவு எங்க போகும்? மூணு நாள் ஒரே இடத்துல கத்துச்சுன்னா அது கதவு. கண்ணை மூடிட்டு அழுத்து.”

“எழுபது மைல் வேகத்துல போறவகிட்ட சொல்ற யோசனையா இது.”

“கண்ணைத் திறந்து வச்சே பத்துப் புள்ளி வாங்கினவதானே நீ.”

நானூறு டாலர் பெட்டியையே வாங்கினாள்.

[இந்த இடத்தில் வாசகர் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்: மணிக்கு ஐம்பத்தைந்து மைல்தான் வேக எல்லை என்றால் ஐம்பத்தைந்தில் போக வேண்டியதுதானே? நானும் கேட்டேன். ரோண்டா தன் அட்டவணையைக் காட்டினாள். ஒரு நாளைக்கு ஒன்பது வீடுகள். ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு அவள் வேலை செய்யும் நிறுவனம் கொடுத்திருப்பது இருபத்தைந்து நிமிடம். மலைச்சாலையில் அதற்கு முப்பத்தைந்து ஆகும். கடைசி வீட்டில் திருமதி கோய்ன் இருக்கிறார். சர்க்கரை நோயில் இரண்டு கால்விரல்கள் போனவர், எழுந்து நடக்க முடியாது. தினமும் பிற்பகல் மூன்றரைக்குள் புண்ணைக் கழுவிக் கட்ட வேண்டும். அதன் பிறகு அவருடைய மகன் வேலைக்குக் கிளம்பிவிடுவான்; கதவைத் திறக்க ஆள் இருக்காது.]

3

முதல் வாரம் பெட்டி ஓயாமல் கத்தியது. மருந்துக்கடை, வங்கி, பெட்ரோல் பங்க், மளிகைக்கடை. ஒவ்வொரு கத்தலுக்கும் அவள் கால் தானாக பிரேக்கில் விழுந்தது. பிறகு ஒவ்வொன்றாக வாயடைக்கத் தொடங்கினாள்.

இப்படிப் பெட்டி வைத்திருப்பவர்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. சனிக்கிழமை காலை பலகாரக் கடையில் முட்டையும் உருளைக்கிழங்கும் வரும்வரை, தாங்கள் வாயடைத்த இடங்களின் எண்ணிக்கையைச் சொல்லிக்கொள்வார்கள்.

“என்னுது இருபத்தெட்டு.”

“இருபத்தெட்டா? இன்னும் பேங்க் கதவுக்கே பயந்துட்டு இருக்கியா?”

வாயடைத்த இடம் கூடக்கூட மரியாதை கூடும். செப்டம்பர் முடிவில் ரோண்டா நாற்பத்தொன்று என்றாள். மேசையில் ஒருவன் தொப்பியைக் கழற்றி அவளுக்கு வணக்கம் வைத்தான்.

அந்த நாற்பத்தொன்றில் முப்பத்தெட்டாவது, மேட்டில் இருக்கும் கால்நடைத் தீவனக் கடை. திருமதி கோய்னின் வீட்டுக்குப் போகும் வழியில் கடைசி ஏற்றம். செவ்வாய், புதன், வியாழன் என்று மூன்று நாளும் அதே வளைவில் ஒரே சீராகக் கத்தியது. கடைக்குப் புதுக் கதவு போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். பொத்தானை அழுத்தினாள். வெள்ளிக்கிழமை எழுபத்திரண்டில் அமைதியாகக் கடந்தாள்.

(முதல் வரைவில் இங்கே ‘கதவைத் திரும்பிப் பார்த்தாள்’ என்று எழுதியிருந்தேன். எழுபத்திரண்டில் போகும்போது யாரும் கதவைப் பார்ப்பதில்லை. அடித்துவிட்டேன்.)

4

அக்டோபர் 13, சனிக்கிழமை. டெல்பர்ட்டின் வண்டி பழுதாகிக் கிடந்ததால் கோழித் தீவனம் வாங்க ரோண்டாதான் அவனைக் கூட்டிப்போனாள். அதே மேட்டுக் கடை. வாசலில் அவள் முன்னால் நடந்தாள். கதவுக்கு எதிரே போய் நின்றாள். கதவு திறக்கவில்லை.

“என்ன நிக்கிறே? இழு.”

“டெல், இது கையால திறக்கிற கதவு.”

“பின்னே? கோழித் தீவனம் விக்கிறவன் அரண்மனைக் கதவா வைப்பான்?”

அவள் முகம்

(முகத்தைப் பற்றி எழுத முடியாது. டெல்பர்ட் அவளுக்குப் பின்னால் நின்றிருந்தான், பார்க்கவில்லை. அவள் கை கைப்பிடியிலேயே இருந்தது என்று மட்டும் சொன்னான். உள்ளேயிருந்து ஒரு ஆள் வெளியே வர முயன்று, கண்ணாடியைத் தட்டிய பிறகுதான் எடுத்தாளாம்.)

கல்லாவில் இருந்த பெரியவரிடம் கேட்டாள். “இங்க எப்பவாவது தானா திறக்கிற கதவு இருந்துச்சா?”

“என் கல்யாணத்துக்கு முன்னாடியிருந்து இதே கதவுதான். ஸ்பிரிங் மட்டும் மாத்துவேன். ஏன் மேடம், கையில பட்டுடுச்சா?”

“கடைக்குப் பின்னாடி யாராவது வண்டி நிறுத்துவாங்களா?”

“ஷெரீஃப் ஆபீஸ் போலீஸ்காரப் பையன் ஒருத்தன். செவ்வாயிலேர்ந்து வியாழன் வரைக்கும். கொட்டகை நிழல் நல்லா இருக்குன்னு அங்கயே உக்காந்து வேகம் பார்ப்பான். நல்ல பையன். காப்பிக் கோப்பையைக் கழுவிக் கொடுத்துட்டுத்தான் போவான்.”

காருக்குத் திரும்பியதும் டெல்பர்ட் மூட்டையைப் பின்னால் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான்.

“மத்த நாப்பதும் கதவுதானே?”

“நீ சொல்லு. மூணு நாள் கணக்கு உன்னுது.”

“எல்லாத்தையும் அழிச்சிடலாம், ரோண்டா. அஞ்சு நிமிஷ வேலை.”

“அழிச்சா மறுபடி எல்லாத்துக்கும் கத்தும். ஒண்ணொண்ணுக்கும் இறங்கிப் போய்க் கதவைப் பார்த்துட்டு வரட்டுமா? ஒன்பது வீடு இருக்கு எனக்கு.”

5

இந்தப் பகுதியை நான்கு முறை எழுதிவிட்டேன். நான்கிலும் ரோண்டா தைரியசாலியாகவே வந்தாள். அவளிடம் படித்துக் காட்டியபோது, “இது யாரு?” என்று கேட்டாள். அதனால் அவள் சொன்னதை மட்டும் எழுதுகிறேன்.

அக்டோபர் 16, செவ்வாய். எட்டு வீடுகளை முடித்துவிட்டு மேட்டில் ஏறினாள். மணி மூன்று பத்து. வளைவுக்கு முன்பே ஐம்பத்தைந்துக்கு இறங்கி, பிறகு அதையும் நம்பாமல் ஐம்பத்துமூன்றுக்கு வந்தாள். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சத்தமில்லை. எப்படியாவது கத்திவிடு என்று அதைக் கேட்டுக்கொண்டாளாம்.

கொட்டகை நிழலில் வண்டியின் மூக்கு தெரிந்தது. திறந்த ஜன்னல். ரேடார் சாலையைப் பார்த்துத் திரும்பியிருந்தது. உள்ளே இருந்த இளைஞன் அவளைப் பார்த்து இரண்டு விரல்களை உயர்த்தினான். இந்தச் சாலையில் எல்லோரும் எல்லோருக்கும் அப்படித்தான் செய்வார்கள். அவளும் உயர்த்தினாள். பெட்டி அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

போன மூன்று வாரமும் அவன் விரல் உயர்த்தியிருப்பானா, எழுபத்திரண்டில் போனபோது காப்பி வாங்க உள்ளே போயிருந்தானா, இல்லை அவள் காரின் எண்ணைக் குறித்துவைத்திருக்கிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை. அரை மைல் தள்ளி ஓரமாக நிறுத்தினாள். கால் மணி நேரம் கிளம்பவில்லை. முன்பு பெட்டி கத்தும்போது மட்டும்தான் பயம். இப்போது அது சும்மா இருக்கும் ஒவ்வொரு அடிக்கும் பயம். நாள் முழுக்க அது சும்மாதான் இருந்தது.

திருமதி கோய்னின் வீட்டை அடைந்தபோது மூன்று நாற்பத்தெட்டு. மகன் கிளம்பிவிட்டான்; கதவு பூட்டியிருந்தது. திருமதி கோய்னின் படுக்கையை ஒட்டிய ஜன்னல் வழியாக இருவரும் பேசிக்கொண்டார்கள்.

“மன்னிச்சுக்குங்க, லேட்டாயிடுச்சு.”

“பரவாயில்லம்மா. கால் எங்கயும் ஓடிடாது. நீ ஏன் இப்படி வெளுத்துப்போயிருக்கே?”

6

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

அ. மறுநாள் பிடிபடுகிறாள், அந்த இளைஞனின் பாட்டிதான் திருமதி கோய்ன், விட்டுவிடுகிறான். (எழுதும்போதே கூசியது.)

ஆ. பெட்டியை ஆற்றில் எறிகிறாள். (நானூறு டாலரை எங்கள் ஊரில் யாரும் ஆற்றில் எறிய மாட்டார்கள்.)

இ. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, ஒவ்வொரு கதவாக இறங்கிப் பார்த்து,

இந்த மூன்றாவதை முடிக்க நினைத்தேன். ஆனால் அதில் அவளுக்கு இல்லாத நேரத்தை நான் கொடுக்க வேண்டியிருந்தது. வேண்டியவர்கள் விட்ட இடத்திலிருந்து எழுதிக்கொள்ளலாம். நடந்தது இவ்வளவுதான்.

ரோண்டா பெட்டியைக் கழற்றி டெல்பர்ட்டிடம் கொடுத்தாள். ஐம்பத்தைந்தில் ஓட்டினாள். இரண்டு வாரத்தில் பதினேழு வீடுகளுக்குத் தாமதமாகப் போனாள்; போலீஸிடமிருந்து எந்த அபராதச் சீட்டும் வரவில்லை. நவம்பர் 2, வெள்ளிக்கிழமை, நிறுவனம் அவளுடைய ஒன்பது வீடுகளில் நான்கை வேறொரு நர்ஸுக்கு மாற்றியது. சம்பளம் அந்த அளவுக்குக் குறைந்தது. மாற்றிய வீடுகளில் திருமதி கோய்னின் வீடும் ஒன்று. புதிய நர்ஸ் மூன்று இருபதுக்கு வந்துவிடுகிறாள்; எந்த வேகத்தில் என்று யாரும் கேட்பதில்லை.