கரட்டூர் அரண்மனை விழுந்த பிறகு

கரட்டூர் அரண்மனையின் வீழ்ச்சியை எழுதத் தகுதியுள்ளவர்கள் எங்கள் ஊரில் பலர் இருக்கிறார்கள். அவர்களில் எவரும் முன்வராததால், பள்ளி ஆசிரியனாகிய நான் எழுதத் துணிகிறேன்.

சட்டப்படி மருதாசலத் துரை அரசர் அல்லர். ஆயினும் ராசிபுரத்துக்குக் கிழக்கே, எங்கள் நான்கு தெருக்களுக்கும் அவரே அரசர். அவருடைய தந்தையும் பாட்டனாரும் அவ்வாறே இருந்தார்கள். பங்குனித் தேரன்று பரிவட்டம் கட்டி அவர் முதலில் வடத்தைத் தொட வேண்டும். அதன் பிறகே ஊர் இழுக்கும். கிழக்குத் தெரு மக்கள் மட்டும் எட்ட நின்று கும்பிட வேண்டும். அவர்களுடைய கை வடத்தில் பட்டதே இல்லை.

சென்ற ஆண்டு தை மாதத்தில் துரை எங்கள் ஏரியைக் கல்குவாரிக்கு விட்டார். மதகைத் திறந்து நீரை வடித்தார்கள். மூன்றே வாரங்களில் கிணறுகள் வற்றின. மனுக்களை நான்தான் எழுதினேன். ஒன்றுக்கும் பதில் வரவில்லை.

வழி சொன்னவர் கிழக்குத் தெரு லாரி ஓட்டுநர் அங்கமுத்து.

"ஏனுங்க வாத்தியாரே, தேரை இழுக்கறது தொரைங்களா, ஊருங்களா?"

"ஊர்தான்."

"அப்ப ஊரு கையைக் கட்டிக்கிட்டு நிக்கட்டும். அவரு ஒத்தையா இழுத்துப் பாக்கட்டுமுங்க. டீசல் ஊத்துனாலும் நகராது."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"ஒண்ணு மட்டுமுங்க. மறுக்கா தேரு கெளம்பறப்ப எங்க தெருவுக் கையும் வடத்துல இருக்கோணும்."

போர்வெல் வண்டி முதலாளி ராசப்பன் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார். அங்கமுத்து கேட்டதையும் சேர்த்து உறுதிமொழியை நான் எழுதினேன். நான்கு தெருக்களும் கையெழுத்திட்டன.

தேருக்கு முதல் நாள், செய்தி கசிந்து, அரண்மனையிலிருந்து கிழக்குத் தெருவுக்கு ஆள் வந்தது. நாளைக்கு நீங்களே வடம் பிடியுங்கள், துரையே அனுமதிக்கிறார் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். தலைமுறைகளாகக் கேட்டது வாசலுக்கே வந்திருந்தது. அங்கமுத்து மறுத்தார். "தொரை குடுத்து வேண்டாமுங்க. ஊரு குடுக்கட்டும்."

மறுநாள் துரை வடத்தைத் தொட்டார். மேளம் முழங்கியது. மூவாயிரம் பேர் அசையாமல் நின்றோம். கூட்டத்திலிருந்து எங்கள் தெரு தெய்வநாயகியக்கா குரல் கொடுத்தார்:

"இழுங்க தொரை! ஏரியவே இழுத்து உட்டவரு, தேரை இழுக்க மாட்டீங்களா?"

ஊரே சிரித்தது. அவ்வளவுதான். துரை பரிவட்டத்தை அவிழ்த்து வடத்தின் மேல் வைத்துவிட்டு நடந்தார். அந்த ஆண்டு தேர் நிலையை விட்டு நகரவில்லை. ஒரு வாரத்துக்குள் குடும்பம் சேலம் ஃபேர்லேண்ட்ஸ் வீட்டுக்குப் போய்விட்டது. குவாரி இயந்திரங்கள் திரும்பின, மதகு மூடப்பட்டது. கோயிலுக்கு ஊர்க்குழு அமைந்தது. ராசப்பன் தலைவரானார்.

இந்த ஆண்டு மாசியில் குழு கூடியபோது அங்கமுத்து எழுந்தார்.

"எங்க கை, தலைவரே?"

"ஏஞ்சாமி அவசரப்படறே? இப்பத்தான் ஒரு பிரச்சன முடிஞ்சிருக்குது. அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

"கையெழுத்துப் போட்டீங்களேங்க?"

"அது தொரையை எறக்கறதுக்கு எழுதுனது."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எழுதியவன் நான் என்பதால், அதில் இருந்தது என்ன என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "பெரியவர்கள் கலந்து பேசி நல்ல முடிவு எடுக்க வேண்டும்" என்று பணிவுடன் கேட்டுக்கொண்டு அமர்ந்தேன்.

பங்குனி வந்தது. பரிவட்டம் கட்டிய ராசப்பன் வடத்தைத் தொட்டார். நாங்கள் பிடித்தோம். அப்போது அங்கமுத்துவும் அவருடைய தெருவினர் பன்னிரண்டு பேரும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, நடுவில் வடத்தைப் பற்றினார்கள்.

யாரும் அவர்களை அடிக்கவில்லை. ஒரு வசைச்சொல் கூட எழவில்லை. முன்னும் பின்னும் இருந்த கைகள் ஒவ்வொன்றாக வடத்தை விட்டன. பதின்மூன்று பேரின் பிடியில் வடம் தொய்ந்து கிடந்தது. துரையை வீழ்த்த எங்களுக்கு அங்கமுத்து கற்றுக்கொடுத்ததை நாங்கள் நன்றாகவே கற்றிருந்தோம்.

"இழுங்கப்பா, பாக்கலாம்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சிலர் சிரித்தார்கள்.

அங்கமுத்து கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டார். பத்தடி தொலைவில் நின்றிருந்தேன். என் கைகளும் வடத்தில் இல்லை. பிறகு அவர் தம் ஆட்களிடம் மட்டும் மெல்லச் சொன்னார்:

"உடுங்க. போலாம்."

அவர்கள் தெருமுனை திரும்பும்வரை ஊர் பொறுத்திருந்தது. பிறகு மேளம் மீண்டும் தொடங்கியது. எல்லாரும் குனிந்து வடத்தை எடுத்தார்கள். நானும் எடுத்தேன். தேர் மிக எளிதாக நகர்ந்தது.