ராசுவின் படத்திறப்பு

கொன்றவனே காரியத்துக்குப் பந்தல் போட்டால் அதன் கீழே எப்படி உட்காருவது? ஜெயம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை.

மணலூர்பேட்டைக்கு மேற்கே சுப்புராயனுக்குப் பெரிய கரும்புக் கொல்லை. காட்டுப்பன்றி வராமலிருக்கச் சுற்றிலும் கம்பி கட்டி, இருட்டியதும் அதில் கரண்ட் விடுவார். அது சட்டப்படி குற்றம் என்பது ஊருக்கே தெரியும். ஊரே அவரிடம் கூலி வாங்குவதால் யாருக்கும் தெரியாது. அந்தக் கொல்லைக்குத் தண்ணீர் திருப்பப் போன அவள் புருஷன் ராசு, விடியும்போது கம்பி ஓரம் பிணமாகக் கிடந்தான். மாரடைப்பு என்று சொல்லி அன்றைக்கே அடக்கம் செய்துவிட்டார்கள். எந்த டாக்டர் பார்த்தார் என்று கேட்க நாதியில்லை. குளிப்பாட்டும்போது கணுக்காலில் கோடாகக் கருகியிருந்ததை ஜெயம்மாள் தன் கண்ணால் பார்த்தாள்.

பிணத்தை முதலில் பார்த்தவர், சுப்புராயனின் மோட்டார் கொட்டகையில் வேலை செய்யும் ராஜாங்கம். அவர் வாயைத் திறந்தால் போதும், ஸ்டேஷனில் புகார் நிற்கும். அவளும் கெஞ்சிப் பார்த்துவிட்டாள். மனுஷன் தலையைக் குனிந்துகொண்டதோடு சரி.

காரியத்துக்கு அரிசி முதல் மைக் செட் வரை எல்லாம் சுப்புராயன் செலவு. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற ஆள். படத்திறப்புக்குக் கள்ளக்குறிச்சியிலிருந்து மேடைப் பேச்சாளர் அறிவுச்செல்வனைக் காரில் அழைத்து வந்திருந்தார்.

சும்மா சொல்லக்கூடாது, ஆள் பேசினார்.

“ராசு இறந்தானா? இல்லை! உழைத்து உழைத்து விரிந்த மார்பு அது. அதன் கதவைத் தட்ட எமனும் தயங்கினான். இந்த மண் அழைத்தது; மகன் போனான்!”

பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். ஜெயம்மாளுக்கும் கண்ணீர் வந்தது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. ராசு கறுப்பா சிவப்பா என்றுகூடத் தெரியாத மனுஷன், ராசுவைச் சொல்லியே அவளை அழவைத்துவிட்டாரே!

அழுகை அடங்குவதற்குள் அவர் அடுத்ததை எடுத்தார். “இதோ, தங்கை ஜெயம்மாள்! யார்மீதும் பழி சொல்லாதவள். எல்லோரையும் மன்னித்துவிட்ட மாதரசி! கைதட்டி வணங்குங்கள் இந்தத் தாயை!”

பந்தலே கைதட்டியது. அவள் கொடுக்காத மன்னிப்புக்கு ஊர் கைதட்டுகிறது! இனி புகார் கொடுத்தால் அவள்தான் கெட்டவள். திட்டி அடக்க முடியாத வாயைப் புகழ்ந்தே கட்டப் பார்க்கிறார்கள். அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழுந்துவிட்டாள்.

“நான் யாரையும் மன்னிக்கலிங்க. கம்பியில கரண்ட் வுட்டுதான் எம்புருசன் செத்தாரு.”

அறிவுச்செல்வன் கண்கூட இமைக்கவில்லை. “கேட்டீர்களா! துணையை இழந்த பேதையின் துயரம், நிதானத்தையும் எரித்துவிடும் நெருப்பு! அந்தக் கண்ணீருக்கும் ஒரு வணக்கம்!”

அதற்கும் கைதட்டினார்கள். வெட்கங்கெட்ட கைகள்.

இவரோடு பேசி ஜெயிக்க முடியாது என்று அவளுக்குப் புரிந்தது. மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நேரே ராஜாங்கத்திடம் போய் நின்றாள். அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“இன்னாணா, அவரு பேச்சுக்கு அழுவறியா, எம்புருசனுக்கு அழுவறியா?”

ராஜாங்கம் துண்டைக் கண்ணிலிருந்து எடுத்தார்.

“எனக்கு ஞாயம்லாம் சொல்ல வேணாம். அன்னிக்குக் கம்பியில கரண்ட் இருந்துச்சா, இல்லியா? அத மட்டும் சொல்லுணா.”

சுப்புராயன் மேடையிலிருந்து எழுந்தார். ராஜாங்கம் அவரைப் பார்க்கவில்லை.

“இருந்துச்சு ஜெயம்மா. சுச்சு போட்டதே நாந்தான். ராசு இன்னும் வெளிய வரலீங்கன்னு சொன்னேன். ‘பன்னி வந்துடும், நீ போடுடா’ன்னாரு. போட்டுட்டேன்.”

அறிவுச்செல்வன் அவசரமாக மைக்கைப் பிடித்தார். “அன்பார்ந்த பெரியோர்களே, உணர்ச்சியின் கொந்தளிப்பில்…”

“போதும், வாய மூடு!” என்றாள் ஜெயம்மாள்.

ராஜாங்கம் எழுந்து நின்றார்.

“வா, ஸ்டேஷனுக்குப் போலாம்,” என்றார். “எம்பேரையும் சேத்தே எழுதிக் குடு.”