சின்னவீரன் வகையறா

பெண் பார்க்க வருவதற்கு முன்பே தரகர் சொல்லிவிட்டார்: "வகையறா கேப்பாங்க. தெரியாதுன்னு மட்டும் சொல்லிறாதீங்க."

கன்னையாவுக்குத் தெரியாது. இலங்கையில் எழுபத்தேழு கலவரத்தில் தோட்டத்து லயக் குடியிருப்பு எரிந்தபோது அவன் கைக்குழந்தை. பெற்றவர்கள் செத்துப்போனார்கள். குருவிட்டப் பக்கத் தோட்டத்தில் யாரோ எடுத்து வளர்த்தார்கள். எந்தப் பாட்டன் வழியில் வந்தவன் என்று சொல்ல ஒருவரும் மிஞ்சவில்லை. ரப்பர் பால் வெட்டுகிறவனிடம் யாரும் வகையறா கேட்பதில்லை. அவன் கல்யாணத்திலும் கேட்கவில்லை, புஷ்பவதியும் ஆளற்றவள்தான். மகள் ஷாமிளாவுக்குத்தான் இப்போது அது வேண்டியிருந்தது. கார்மென்ட்ஸில் கூட வேலை செய்கிற தனுஷனைத் தவிர வேறு எவனையும் கட்டமாட்டேன் என்று நின்றாள்.

கரவனெல்லப் பக்கம் ஒரு திருவிழாவில் ஒலிபெருக்கியில் கேட்ட வகையறாப் பெயர் ஒன்று கன்னையாவுக்கு நினைவிருந்தது. அவ்வளவு தூரத்துப் பெயர், இங்கே யாருக்குத் தெரியப்போகிறது.

தேத்தண்ணி குடித்துக்கொண்டே தனுஷனின் அப்பா பழனியப்பன் கேட்டார்.

"சம்மந்தி, நீங்க எந்த வகையறா?"

"சின்னவீரன் வகையறாங்க."

பழனியப்பன் கோப்பையைக் கீழே வைத்தார். "நாங்களும் அதுதான். எங்கப்பா கரவனெல்லயிலேருந்து வந்தவரு."

ஒரே வகையறா என்றால் பங்காளி. பங்காளி பிள்ளைகள் அண்ணன் தங்கை.

"அது பொய்ங்க," என்றான் கன்னையா. "எனக்கு என் வகையறாவே தெரியாது. சும்மா ஒரு பேரச் சொன்னேன்."

"பொண்ண தள்ளிவிடணும்னு வகையறாவ மாத்துறியா தம்பி? நீ செத்தா தீட்டு காக்கவேண்டியவன் நான்."

சம்மந்தி அதற்குள் தம்பியாகிவிட்டிருந்தான்.

"சத்தியமா அவருக்குத் தெரியாதுங்க," என்றாள் புஷ்பவதி.

"தெரியாத எடத்துல எப்படிம்மா எடுக்கிறது? நாளைக்கு பங்காளின்னு தெரிஞ்சா?" பழனியப்பன் தாங்கள் கொண்டுவந்த தட்டிலிருந்து பூவை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டார். "பழம் இருக்கட்டும். மகளுக்குத்தானே."

ஷாமிளா வேன் வரைக்கும் ஓடினாள். தனுஷன் கதவருகே நின்றுகொண்டிருந்தான்.

"எங்கப்பா கத விட்டாருன்னு உனக்குத் தெரியும்தானே. வா, போய் ரெஜிஸ்டர் பண்ணிக்கிடுவோம்."

"தெரியும். எங்கம்மாதான் வேனுக்குள்ள அழுவுது. இனிமே உன்ன மகளாத்தான் பாக்க முடியுமாம்."

"உனக்கு?"

அவன் செருப்பில் ஒட்டியிருந்த மண்ணைத் தேய்த்தான்.

"எனக்கும் ஒரு மாதிரியாத்தான் இருக்கு," என்றான். அவள் பிடித்திருந்த கையை மெல்ல விடுவித்துக்கொண்டு வேனில் ஏறினான்.