ஒரு வரம் பாக்கி

டிரைவரின் மனைவி வந்து டிரைவரின் நாற்காலியிலேயே உட்காருவாள் என்று லிஃப்ட் மெக்கானிக் நினைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மேசையில் வழக்கம்போலப் பகடை, கையால் வரைந்த கோட்டை வரைபடம், மூன்று டீ. அவள் கைப்பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்து வைத்தாள். பகடை உருட்டிக் கதையாகவே ஆடும் இந்த ஆட்டத்தில் டிரைவர்தான் திருடன். திருடனின் கத்தி, கயிறு, பலம் எல்லாம் அதில் அவர் கையெழுத்தில் இருந்தன. கடைசி வரி: மோதிரம், ஒரு வரம் பாக்கி.

டிரைவர் போய்ச் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது.

கதையை நடத்துவது மெக்கானிக். மனுஷன் கொடுக்கும் வரம் எதுவும் லேசில் வராது. லிஃப்ட் மேலே ஏறினால் மறுபக்கம் எடைக்கட்டை கீழே இறங்கியாக வேண்டும், வரத்துக்கும் அதேதான் என்பார். சாகாத உடம்பு கேட்ட இன்னொரு ஆட்டக்காரரான மருந்துக்கடைக்காரரைக் கோட்டை வாசலில் கல்தூணாக நிறுத்திவிட்டார். டிரைவர் களைக்காத குதிரை கேட்டார். கிடைத்தது, ஆனால் அது நிற்கவே நிற்காது. இருபது வருஷம் வண்டி ஓட்டினவனுக்கு பிரேக் இல்லாத குதிரையா, படுபாவி என்று சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறிவிட்டது. வில்லங்கம் இல்லாத வரம் போலி என்பது அந்த மேசையின் சட்டம். அதை டிரைவர் வீட்டிலும் போய் அளந்திருக்கிறார் போலிருக்கிறது.

"அவருக்கு பாக்கி இருக்கறத நான் கேக்கலாமாண்ணா?"

மெக்கானிக் மருந்துக்கடைக்காரரைப் பார்த்தார். அவர் பகடையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கேளும்மா என்றார் மெக்கானிக்.

அவள் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. டியூட்டி முடிந்து ஒரேயொரு நாள் அவர் வீட்டுக்கு வர வேண்டுமாம். சட்டையைக் கழற்றி நாற்காலிமேல் வீச வேண்டுமாம். அவள் திட்ட வேண்டுமாம். அவ்வளவுதான்.

இவளிடம் எந்த வாயால் வில்லங்கம் சொல்வது?

"வந்துட்டாரும்மா."

அவள் காத்திருந்தாள். "ஆனா?"

"ஆனா ஒண்ணும் இல்லம்மா."

அவள் முகம் விழுந்துபோயிற்று. "அப்ப பொய்யா குடுக்கறீங்க. அவர் கேட்டிருந்தா சும்மா விட்டிருப்பீங்களா?"

எதையாவது சொல்லித் தொலைக்க வேண்டும். சின்னதாக, வலிக்காததாக. சுவர்க் கடிகாரம் கண்ணில் பட்டது. ஆறு பத்து.

"ஆனா, ஏழு மணிக்கெல்லாம் கெளம்பிடுவார்."

அவளும் கடிகாரத்தைப் பார்த்தாள். தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள். வீடு போய்ச் சேர அரை மணி ஆகும், வரேண்ணா என்றாள். டீயைத் தொடக்கூட இல்லை.

ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டோம் என்று மெக்கானிக் ஜன்னலுக்கு ஓடினார். கீழே, செருப்பு வாரைக்கூட மாட்டாமல், கிளம்பிவிட்ட பஸ்ஸின் பின்னால் கையை ஆட்டி ஆட்டி அவள் ஓடிக்கொண்டிருந்தாள். யாரோ ஒரு டிரைவர் கண்ணாடியில் பார்த்து, பிரேக் போட்டார்.