மீன் ஏறும் படி

மலேசியாவில், ஈஜோக் பக்கத்துத் தோட்டமொன்றின் ஓடையில் ரப்பர் காலத்து அணை ஆளுயரத்துக்கு நின்றது. மழைக்காலத்தில் கெளுத்தியும் விராலும் மேலேற வந்து அதன் அடியில் முட்டிக்கொண்டு கிடக்கும். தோட்டத் தொழிலாளர் வீடுகள் இருந்த லயத்து ஆட்கள் இறங்கிக் கூடையால் அள்ளுவார்கள். ஓடையின் மேல்பக்கம் கம்பம் என்ற மலாய்க்காரர் கிராமத்துக்கு ஒரு மீனும் போய்ச் சேராது.

எண்பத்து நாலில் அணை விரிசல் விட்டது. அதை இடித்துவிட்டு, மீன் ஏறும்படி கற்களைப் படிபடியாக அடுக்கித் தாழ்வாகக் கட்டச் சொன்னார் மானேஜர். அந்த வேலை, ஆட்களை மேய்க்கும் மண்டோர் சிவானந்தத்தின் தலையில் விழுந்தது. லயத்தில் காய்ச்சல் பரவியபோது பிள்ளைகளைத் தன் வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் மேல்கம்பத்து ஹமிட். அந்த நன்றிக்காக, இந்த மழைக்கு உங்கள் பக்கம் மீன் வரும் என்று சிவானந்தம் அவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டார்.

அணை முடிந்த அன்றே லயத்து உடையப்பன் கூடையோடு வந்து படிகளைப் பார்த்தார்.

"நல்ல வேல மண்டோரே. முன்ன இடுப்பளவு தண்ணியில நிக்கணும். இப்ப ஒக்காந்துக்கிட்டே அள்ளலாம் லா."

சிவானந்தம், மீன் பிடிக்கக் கூடாது என்று பலகை எழுதி நட்டார். மறுநாள் உடையப்பன் அதைப் பிடுங்கிக் கீழே போட்டு, அதன்மேல் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி லீலாவதி வேறொன்றுக்காக வருத்தப்பட்டாள். பூசை போடாமலா கட்டினீர்கள் என்று கேட்டாள். வெள்ளிக்கிழமை மாலை அவளே போய், மிச்சமாகக் கரையில் கிடந்த கல்லொன்றைக் கழுவி, மஞ்சள் குங்குமம் இட்டு, சூடம் ஏற்றிவிட்டு வந்தாள்.

மறுநாள் கல்லைக் கண்ட உடையப்பன் செருப்பைக் கழற்றினார். பலகையை எடுத்துத் துடைத்து, இருந்த இடத்திலேயே நட்டார். முனியாண்டி காவல் என்று முன்னமே சொல்லக் கூடாதா என்று மண்டோரைக் கடிந்துகொண்டார். சிவானந்தம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மழை தூறத் தொடங்கியது. மீன் ஏறும் நேரம் என்று நினைத்து, பலகை ஆடாமல் மண்ணை மிதித்து இறுக்கினார்.

மனசு உறுத்தவே வீட்டில் சொன்னார்: "அது சும்மா கல்லு, லீலா."

"கும்பிட்ட பொறவு என்னங்க சும்மா கல்லு?"

அந்த வாரம் முழுக்க மீன்கள் படியேறின. உடையப்பன் காலிக் கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கைகட்டி நின்று பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஹமிட் நாலு விரால் கொண்டுவந்து கொடுத்தார். சிவானந்தத்துக்கு அந்தக் காலிக் கூடை ஞாபகம் வந்தது. இரண்டை எடுத்துக்கொண்டு உடையப்பன் வீட்டுக்குப் போனார்.

உடையப்பன் மீனை உற்றுப் பார்த்தார். "நம்ம படி ஏறிப் போனதுதானே?"

"அதேதான்."

"சாமியத் தாண்டிப் போயிட்டு வந்ததுன்னா குத்தமில்ல," என்று வாங்கிக்கொண்டார். சிவானந்தத்தையும் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று உட்காரவைத்தார்.